எலிமினேட்டர் போய் அவெஞ்சர் வந்த கதை

திருமங்கலத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா கொல்லம் போற ரோட்டுல குற்றாலம் சீசன்ல நின்னு பாருங்க. பத்து வண்டிக்கு ஒண்ணாவது ஆள் காலை முன்னாடி நீட்டி, ராஜா மாதிரி சாய்ஞ்சு உக்காந்து போற வண்டியா இருக்கும். க்ரூசர்! அந்த உருவம் நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுங்கறதுதான் மேட்டர்.

இதை முதல்ல எந்த கம்பெனி இன்ஜினியரும் வரையலீங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஊர் திரும்பின அமெரிக்கப் பசங்க, ஹார்லி மாதிரி கனமான வண்டிகளோட மட்கார்டை வெட்டி, வேண்டாததைக் கழட்டி எறிஞ்சாங்க. அப்புறம் முன் ஃபோர்க்கை நீட்டினாங்க, ஹேண்டில்பாரை உயர்த்தினாங்க. 1969ல வந்த 'ஈஸி ரைடர்' படம் அதை உலகம் பூரா கொண்டு போச்சு. "இதை நாமளே செஞ்சு வித்தா என்ன?"ன்னு ஹார்லிக்குத் தோண, 1971ல சூப்பர் க்ளைட் வந்துச்சு. பட்டறையில செஞ்சது ஃபேக்டரி சரக்கா ஆச்சு. ஜப்பான்காரங்களும் சும்மா இருப்பாங்களா? 1985ல கவாஸாகி ஒரு 900 சிசி வண்டிக்கு வச்ச பேருதான் எலிமினேட்டர்.

நம்ம தமிழ்நாட்டுல திருவொற்றியூர்ல 1955ல இருந்தே என்ஃபீல்டு இருந்துச்சு. ஆனா புல்லட் க்ரூசர் இல்லை. நிமிர்ந்து உக்கார்ற பிரிட்டிஷ் வண்டி. போலீஸ், மிலிட்டரி, மைனர்னு அது வேற வம்சம் :-)

2001ல பஜாஜ், கவாஸாகியோட 175 சிசி எலிமினேட்டரை இங்கே இறக்குச்சு. அழகுன்னா அழகு! ஆனா 100 சிசி வண்டிக்கு மைலேஜ் கணக்கு போட்டு வாங்குற ஊர்ல விலை கையைக் கடிச்சுது. அடுத்த வருஷம் யமஹா 125 சிசிக்குள்ள என்டைசரைக் கொண்டு வந்துச்சு, என்ஃபீல்டு தண்டர்பேர்டைக் கொண்டு வந்துச்சு. 2005ல பஜாஜ் ஒரு காரியம் பண்ணுச்சு. எலிமினேட்டரோட சட்டையை அப்படியே வச்சுக்கிட்டு, உள்ளே தன்னோட பல்சர் 180 இன்ஜினை மாட்டி, விலையைக் குறைச்சு, அவெஞ்சர்னு பேர் வச்சுது. 2007ல 200 சிசி, 2010ல 220. இன்ஜின் மாறிக்கிட்டே இருந்துச்சு, உருவம் பெரிசா மாறலை.

அந்த உருவத்துல என்ன இருக்கு? முன் ஃபோர்க் நல்லா சாய்ஞ்சிருக்கும், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தூரம் அதிகம். அதனால ராஜபாளையம் தாண்டி தென்காசிப் பக்கம் நேர் ரோட்டுல மலையைப் பாத்துக்கிட்டே ஆடாம போகும். அதே வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம், பால்கோவா வாங்க நிக்கிற கூட்டத்துக்கு நடுவுல திருப்பிப் பாருங்க, தாவு தீர்ந்துடும். கால் முன்னாடி நீண்டிருக்கறதால பள்ளம் வந்தா எந்திரிச்சு நிக்கவும் முடியாது. அடி நேரா முதுகெலும்புக்கு!

ஆனா ஒரு விஷயத்தை யாரும் பெரிசா பேசறதில்லை. சீட் தாழ்வு. ரெண்டு காலும் தரையில பதியும். உயரம் கம்மியானவங்களுக்கு, அறுபது வயசுப் பெரியவருக்கு, நிறைய பொண்ணுங்களுக்கும் பெரிய இன்ஜின் வண்டியைப் பயமில்லாம ஓட்ட வழி இதுதான். அமெரிக்காவுல கெத்துக்காகத் தாழ்த்தின சீட், இங்கே சவுகரியமா ஆயிருச்சு. கூடவே பின் சக்கரத்துக்குச் சேலை கார்டு வேற. ஹாலிவுட் உருவத்துக்கு நம்ம ஊர் சட்டம் மாட்டி விட்ட நகை!

சட்டம்னதும் இன்னொண்ணு. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. சைலன்ஸரைக் கழட்டிட்டு நடுராத்திரியில தெருவையே எழுப்புறவங்களை நினைச்சா நியாயம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க... கையில ரம்பத்தோட நாலு பேர் வெட்டி ஒட்டினதால பொறந்த உருவம் இது. அதை ஷோரூம்ல காசு கொடுத்து வாங்கலாம், ஆனா அது பொறந்த மாதிரியே நம்ம பட்டறையில இன்னொண்ணு பொறந்தா ரோட்டுல ஓட்ட முடியாது. ஒரு நல்ல மெக்கானிக், தன் கஸ்டமரோட உயரத்துக்கு ஏத்த மாதிரி வண்டியை மாத்தி, அதை முறையா சோதிச்சுச் சான்றிதழ் வாங்க சுலபமான வழி ஒண்ணு இருந்தா என்ன கெட்டுப் போகும்?

உங்க ஊர் மெக்கானிக் என்ன சொல்றார்னு கேட்டுச் சொல்லுங்க மக்கா.