வண்ணக் கோலமும் கணினிப் பூட்டும்

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் தரும் விபரங்களைக் கணினியில் பதியும் வேலைக்கு நான் உதவி வருகிறேன். பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் திரையில் திறந்திருக்கும். பதிபவர் தேநீர் குடிக்க எழுந்து போனால் வருவோர் போவோர் எல்லோரும் அவற்றை வாசிக்கலாம். இதைத் தடுக்க ஒரு திரைக்காப்பு போதும். ஆனால் அதைச் சரியாக அமைக்க வேண்டும்.

லினக்ஸ் கணினிகளில் நான் பாவிப்பது எக்ஸ்ஸ்கிறீன்சேவர். ஜேமி ஸவின்ஸ்கி 1992இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் பதிந்துவிடும். திரைக்காப்புகள் பரவியதற்கு அதுவே காரணம். இன்றைய எல்சிடி திரைகளுக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. இன்று நமக்குத் தேவை மறைப்பும் பூட்டும்தான்.

நான் தெரிவு செய்தது ‘கலைடொஸ்கோப்’ என்ற காட்சி. ஸ்கொட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1816இல் கண்டுபிடித்த கருவியின் பெயர் அது. இரண்டு கண்ணாடிகளை 60 பாகையில் சாய்த்து வைத்தால் ஒரு துண்டு ஆறாகத் தெரியும். திரைக்காப்பு இதையே கணக்கால் செய்கிறது: சில வண்ணக் கோடுகளை வரைந்து, நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பத் திரும்பப் பதிக்கிறது.

அமைக்கும் முறை:

1. அமைப்புச் சாளரத்தில் ‘மோட்’ என்பதில் ‘ஒன்லி வன் ஸ்கிறீன் சேவர்’ என்பதைத் தெரிந்து, பட்டியலில் கலைடொஸ்கோப்பைச் சொடுக்குங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் மேலதிகக் காட்சிகளுக்கான பொதியையும் நிறுவுங்கள்.

2. ‘செற்றிங்ஸ்’ உள்ளே ‘செக்மென்ற்ஸ்’ கோடுகளின் எண்ணிக்கை. ‘சிமெற்றி’ எத்தனை பக்கச் சமச்சீர் என்பது. ‘ட்ரெயில்ஸ்’ பின்னால் நிற்கும் தடத்தின் நீளம். சிமெற்றிக்கு 6 அல்லது 8 கண்ணுக்கு இதமாக இருக்கும்.

3. ‘பிறேம் றேற்’ என்பதைக் குறைத்து வையுங்கள். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு மின்னும் ஒளி ஆகாது. தலையில் காயப்பட்டவர்களுக்கும் பின்னாளில் வலிப்பு வருவதுண்டு. விநாடிக்கு 3 தடவைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டிகளின் விதி. அதையே இங்கும் பின்பற்றலாம்.

4. ‘பிளாங்க் ஆஃப்டர்’ 3 நிமிடம். ‘லொக் ஸ்கிறீன் ஆஃப்டர்’ என்பதை இயக்கி 0 இடுங்கள். காட்சி தொடங்கியவுடன் பூட்டும் விழும். திறக்கக் கடவுச்சொல் வேண்டும்.

5. ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ‘கிறாப் டெஸ்க்ரொப் இமேஜஸ்’ என்பதை நிறுத்துங்கள். ‘ஜிஎல்லைடொஸ்கோப்’ போன்ற காட்சிகள் திரையில் திறந்திருப்பதையே படம் பிடித்து வண்ணத்துண்டுகளாக்கும். அப்படியானால் மறைக்க நினைத்த பெயரே கோலத்துக்குள் தெரியலாம்.

வேலாண்ட் அமர்வில் இந்தப் பூட்டை நம்ப வேண்டாம். உள்நுழையும்போது எக்ஸோர்க் அமர்வைத் தெரியுங்கள், அல்லது கணினியுடன் வரும் பூட்டையே பாவியுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த, 15 நிமிடத்தின் பின் திரை முழுதாக அணையும்படியும் செய்யலாம்.

எல்லாம் முடிந்ததும் 3 நிமிடம் கை வைக்காமல் இருங்கள். பின் சுட்டியை அசைத்துப் பாருங்கள். கடவுச்சொல் கேட்காமல் திறந்தால், கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் திரைச்சீலைதான்.