"இந்தப் பக்கம்"னா எந்தப் பக்கம்?

பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். எல்லாம் ஒரு அக்கவுண்டன்சி வகுப்பில் ஆரம்பித்தது.

சார் போர்டில் பேரேடு போட்டுக்கொண்டிருந்தார். "இதைத் தூக்கி இந்தப் பக்கம் போடு, அதை அந்தப் பக்கம் போடு" என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்தில் உட்காரும் நண்பனுக்குக் கண் பார்வை கிடையாது. மெதுவாக என் காதில் கேட்டான்: "டேய், இந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்டா?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அன்று இரவு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

பார்வையற்றவர்களுக்கான முதல் பள்ளிகளில் ஒன்றை 1785-இல் பாரிஸில் தொடங்கியவர் வாலன்டின் ஹாவி. நல்ல மனிதர். பார்வையற்றவர்களுக்குப் படிப்பு வராது என்று ஊரே சொன்ன காலத்தில், வரும் என்று செய்து காட்டினார். அவருடைய வழி என்ன தெரியுமா? நாம் படிக்கும் அதே எழுத்தைக் காகிதத்தில் மேடாக அச்சடித்து, விரலால் தடவிப் படிக்க வைப்பது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், அதனால் புத்தகம் தலையணை கனம். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் தடவி முடிப்பதற்குள் வாக்கியத்தின் ஆரம்பம் மறந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கலாமே தவிர மாணவன் தன் கையால் எளிதாக எழுத முடியாது. இதில் குற்றம் ஹாவியின் மனதில் இல்லை. கண்ணுக்காகச் செய்த எழுத்தை விரலுக்குக் கொடுத்ததுதான் குற்றம்.

1819-இல் பத்து வயதுப் பையன் ஒருவன் அந்தப் பள்ளியில் சேர்ந்தான். பெயர் லூயி பிரெயில். அப்பா குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி கண்ணில் பட்டது. தொற்று மற்ற கண்ணுக்கும் பரவி இரண்டு கண்ணும் போய்விட்டன.

1821-இல் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து முறை அந்தப் பள்ளிக்கு வந்தது. ஒரு கட்டத்தில் பன்னிரண்டு புள்ளிகள் வரை வரும். விரலுக்குப் புள்ளி நன்றாகத் தெரிந்தது. ஆனால் பன்னிரண்டும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதோடு அது ஒலியை மட்டுமே குறித்தது. சொல்லின் எழுத்துக்கூட்டல் கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது, எண்களும் கிடையாது. (எண் இல்லாமல் என்ன படிப்பு! காமர்ஸ்காரன் வருத்தம் :-))

பிரெயில் அதைப் பிடித்துக்கொண்டு உழைத்தார். 1824-இல், பதினைந்து வயதில், பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். விரலை ஒருமுறை வைத்தால் ஒரு எழுத்து. ஆறே புள்ளிகளில் 63 வடிவங்கள். எழுத்து, எண், இசைக்குறிப்பு எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. எழுதுவதற்கும் அப்பாவின் குத்தூசி மாதிரியே ஒரு சின்னக் கருவி போதும்! 1829-இல் இதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

உடனே பாராட்டி ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1840-இல் வந்த இயக்குநர் துஃபோ பள்ளியில் இந்த முறைக்கே தடை போட்டார். பார்வை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே எழுத்தைத்தான் படிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வாதம். சமத்துவம் மாதிரித் தெரியும். உண்மையில் அது சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் வசதி. மாணவர்கள் விடவில்லை, மறைத்து வைத்து எழுதினார்கள். துணை இயக்குநர் ஜோசப் குவாதே இதைக் கவனித்து மாணவர்கள் பக்கம் பேசினார். 1844-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் பிரெயில் முறை செய்து காட்டப்பட்டது. பிரெயில் 1852-இல் இறந்தார். பிரான்ஸ் அதிகாரப்பூர்வமாக ஏற்றது 1854-இல். மாணவன் கண்டுபிடித்ததைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள முப்பது வருஷம்!

இதாவது பரவாயில்லை. காது கேளாதவர்களின் கதை இன்னும் மோசம். 1880-இல் இத்தாலியின் மிலன் நகரில் அவர்களுடைய கல்விக்காக ஒரு மாநாடு நடந்தது. வந்த பிரதிநிதிகள் 164 பேர். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். சைகை மொழி வேண்டாம், உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழகினால் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அந்தத் தீர்மானங்களை நிராகரித்து, வருத்தம் தெரிவித்தது 2010-இல் வான்கூவரில் நடந்த மாநாடு. 130 வருஷம் கழித்து!

இந்தியாவிலும் ஆளுக்கொரு பிரெயில் முறை இருந்த காலம் உண்டு. 1951-இல் பாரதி பிரெயில் என்ற பொது முறை வந்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. அதில் நம் 'க'வுக்கும் ஆங்கிலக் 'கே'வுக்கும் ஒரே வடிவம். 'கொ' எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்ற தொல்லை கிடையாது. 'க', அடுத்து 'ஒ', அவ்வளவுதான். என் நண்பன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது அவன் லேப்டாப்பில் என்.வி.டி.ஏ என்ற இலவச மென்பொருள் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிறது. 2006-இல் அதை ஆரம்பித்த ஆஸ்திரேலியர் பார்வையற்றவர். பிரெயில் கதையேதான்! யாருக்குக் கஷ்டமோ அவர்களுக்குத்தான் வழி தெரிகிறது. மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேட்க வேண்டும்.

அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் சாரிடம் போய்ச் சொன்னோம். கோபப்படுவார் என்று பயந்தேன். "அடடா, இத்தனை நாளா ஏன்ப்பா சொல்லல?" என்றார். இப்போது "பற்றுப் பக்கம் வாடகை ஐயாயிரம், வரவுப் பக்கம் ரொக்கம் ஐயாயிரம்" என்று வாய்விட்டுச் சொல்கிறார். ஒரு பைசா செலவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசி பெஞ்சில் இருக்கும் எங்களுக்கும் இப்போதுதான் கணக்கு புரிகிறது!

உங்கள் வகுப்பிலும் இப்படி யாராவது இருப்பார்கள். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.