மணலில் எழுதிய அகரம்



முதலாம் தரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் உம்மாமார் சிலர், பையிலிருந்து மொண்டிசூரிக் கொப்பிகளை எடுத்து எங்களுக்குக் காட்டுவார்கள். “மூணு கொப்பி முடிச்சிருக்கா டீச்சர்.” பக்கம் பக்கமாக அ, அ, அ. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு சரி. சில வருடங்களுக்கு முன் அப்படி வந்த ஒரு மகளின் கையில் படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தோம். புரட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “இதில எங்க டீச்சர் எழுதுற?”

மூன்று கொப்பி முடித்த பிள்ளைக்கு, புத்தகம் என்பது வாசிக்கிற சாமான் என்று தெரியவில்லை. அந்தக் கேள்வி எங்கள் ஆசிரியர் அறையில் பல நாள் ஓடியது. அதன் பின்னால் போனபோதுதான் இந்தப் பழைய கதை கிடைத்தது.

1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒரு நாள் காலையில் குதிரையில் போகும் வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கண்டார். (அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரைத்தான் மலபார் என்றார்கள். கொழும்பிலும் அப்படித்தான்.) பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தாளும் இல்லை, மையும் இல்லை. பிழைத்தால் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதினார்கள்.

பெல் திரும்பிப் போய்த் தன் ஆசிரியர்களிடம் இப்படியே ஆங்கில எழுத்தைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவர்கள் முடியாது என்றார்கள். (ஆசிரியர்கள் நாங்கள் எக்காலத்திலும் ஒரே மாதிரிதான்.) அவர் அந்த வேலையை எட்டு வயதான ஜோன் பிரிஸ்கன் என்ற மாணவனிடம் கொடுத்தார். அவன் சின்னப் பிள்ளைகளை மணலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக் காட்டினான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த முறையை 1797இல் பெல் லண்டனில் நூலாக வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் விரலால் ஆங்கில அரிச்சுவடி எழுதினார்கள். எழுதியது தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து!

பெருமைதான். ஆனால் அங்கே அந்த முறையில் எல்லோருக்கும் பிடித்தது அதன் மலிவு. ஒரு ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓட்டலாம் என்றார்கள். மணல் கப்பலேறியது, பிள்ளைக்குக் கதை சொல்ல ஆள் கூடவில்லை.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தங்கமென்று சொல்லவும் மாட்டோம். அங்கே பிரம்பு இருந்தது. எங்கள் ஓதப்பள்ளியிலும் இருந்தது. லெப்பையின் பிரம்பு எங்கள் வாப்பாமாருக்கு இன்னும் ஞாபகம். இருந்தாலும் பலகையில் அலிப் எழுதி, ஓதிக் காட்டி, கழுவி, அடுத்த பாடம் எழுதிய அந்த முறையில் ஒரு நல்லது இருந்தது. நேற்றுச் செய்த பிழை இன்றைக்குப் பலகையில் இருக்காது. ஒவ்வொரு எழுத்தும் வாயிலும் காதிலும் விழுந்துதான் கைக்கு வந்தது.

இனி மொண்டிசூரிக்கு வருவோம். மட்டக்குளியில் யாரும் முன்பள்ளி என்று சொல்வதில்லை, எல்லாமே மொண்டிசூரிதான். மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய வைத்தியரின் பெயர் அது. 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் ‘சிறுவர் இல்லத்தை’த் திறந்தார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, பிள்ளை ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவ வேண்டும் என்றார். பெல்லிடமிருந்து இதை எடுக்கவில்லை. பிரெஞ்சு வைத்தியர் செகேனின் வேலையிலிருந்து வளர்த்தார். ஆனால் வந்து சேர்ந்த இடம் ஒன்று: முதலில் விரல், பென்சில் பிறகு. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க் காலம் முழுதும் இந்தியாவில் தங்கி, 1944இல் இலங்கைக்கும் வந்து போனார்.

அதற்கு அடுத்த வருடம், 1945இல், கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. முதலாம் தரத்துக்கு முந்திய வருடங்கள் அதற்குள் வரவில்லை. இன்றைக்கும் முன்பள்ளிகளில் பெரும்பாலானவை பெற்றோரின் மாதக் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. எங்கள் பார்வையில் மூன்று கொப்பியின் காரணம் இங்கேதான் இருக்கிறது. காசு கட்டுகிற வாப்பா ‘என்ன படிச்ச?’ என்று கேட்பார். மணலில் எழுதியதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கேட்ட கதையையும் பையில் வைக்க முடியாது. கொப்பியைக் கொண்டுபோகலாம். கொப்பிதான் ரசீது. அந்த டீச்சர்மாரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். கொப்பி கேட்பது நாங்களும்தான்.

மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அந்தக் கையில் பென்சிலை இறுக்கிப் பிடித்து இருபது வரி எழுதச் சொல்கிறோம்.

இப்போது முதலாம் தரத்தின் முதல் வாரங்களில் நாங்கள் கொப்பி திறப்பதில்லை. காக்கைத் தீவுக் கடற்கரை மணலைச் சலித்துத் தட்டில் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் எழுதுவார்கள், அழிப்பார்கள், வீடும் கட்டுவார்கள். பிறகு ஒரு கதை வாசிப்போம். அதே கதையை நாளைக்கும் கேட்பார்கள். நாளைக்கும் அதையே வாசிப்போம். “நான் சிங்கள மீடியம் டீச்சர், தமிழ் வாசிக்க வராது” என்ற ஓர் உம்மாவிடம், படத்தைக் காட்டித் தெரிந்த பாஷையில் சொல்லுங்கள் என்றோம். இப்போது அந்த வீட்டில் மகன்தான் உம்மாவுக்குக் கதை சொல்கிறானாம், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

ஒரு உதவி. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கம் யார் வீட்டிலாவது பழைய ஓதும் பலகை இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.