எவர்சில்வரில் உளி பழகிய ஊர்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் இருக்கிறது அனுப்பர்பாளையம். பனியனுக்குப் பேர்போன ஊரில் பாத்திரத்துக்கென்று ஒரு பகுதி இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு இன்றும் புதுச் செய்திதான். பித்தளை, செம்பு, எவர்சில்வர் மூன்றிலும் இங்கே வேலை நடக்கிறது. இத்தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பட்டறை, தகடு விலை, கூலி ஒப்பந்தம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பாத்திரத்தின் மேல் பூவும் கொடியும் பெயரும் வெட்டியவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதில்லை. இந்த விழா மலரிலாவது அந்தக் குறை தீரட்டும்.

பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் பழக்கம் நொய்யல் கரைக்குப் புதிதல்ல. இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர் கீறிய பானையோடுகள் நிறையக் கிடைத்தன. ‘கண்ணன் ஆதன்’ அவற்றில் ஒன்று. இரும்பு உருக்கிய உலைகளும் அங்கேயே கிடைத்தன. பானையில் பெயர் கீறியவனும் இரும்பு உருக்கியவனும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

உருக்கிலேயே உளி ஓட்டியவர்கள் தஞ்சையில் இருந்தார்கள். அரண்மனை ஆயுதசாலையின் கட்டாரிகளில் பிடியையும் காப்பையும் குடைந்து கொடியும் யாளியுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

எவர்சில்வர் வேறு சங்கதி. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத உருக்கை வார்த்தார். 1981இல் சேலம் உருக்காலை ஓடத் தொடங்கியதும் தகடு பக்கத்திலேயே கிடைத்தது. பித்தளையில் பழகிய கை இதில் தடுமாறும். பித்தளை உளிக்கு இடம் கொடுக்கும். எவர்சில்வர் அடிபட அடிபட இறுகும். ஒரே கோட்டில் உளி இரண்டு முறை தயங்கினால் மூன்றாம் முறை வழுக்கி, மெருகேற்றிய பரப்பில் நீளமாய்க் கோடு இழுத்துவிடும். அதை அழிக்க முடியாது. ஆகவே முதல் அடியிலேயே ஆழம் சரியாக விழ வேண்டும்.

பழகுகிறவனுக்கு முதலில் கழிவுத் தகடுதான். நேர்கோடு, பிறகு உளியை இப்படியும் அப்படியும் அசைத்து நகர்த்தும் நெளிகோடு, பிறகு இலை. உளி தீட்டுவதே பாதிப் படிப்பு. முனை சற்று மழுங்கினாலும் ஓரத்தில் பிசிறு எழும். எழுத்து கடைசியில்தான் வரும். ரோமன் எழுத்துக்கு நேர்கோடு பெரும்பாலும் போதும். நம் ‘ண’வும் ‘ழ’வும் சுழிகள். அந்தச் சுழியைச் சிறுசிறு நேர்வெட்டுகளாக உடைத்து, பார்ப்பவர் கண்ணுக்கு வளைவாகத் தெரியும்படி அடுக்க வேண்டும். இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் வரும்.

கல்யாண மாதங்களில் தாய்மாமன் சீருக்கும் மொய்க்கும் வாங்கிய குடங்களில் கொடுத்தவர் பெயர், ஊர், தேதி எல்லாம் ஏறும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் அதுவும் இல்லை. ஷிப்ட் கணக்கில் சனிக்கிழமை தோறும் சம்பளம் தருகிற பனியன் கம்பெனி பக்கத்திலேயே இருக்கும்போது, வருஷக்கணக்கில் உளி பழக எந்தப் பையன் உட்காருவான்? அவனைக் குறை சொல்வது நியாயமில்லை. மின்சாரப் பேனாவும் லேசரும் வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டன. லேசர் எழுத்து சுத்தமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லா எழுத்தும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது.

பட்டறைக்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். கைவெட்டு தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே ஆளுக்கு ஒரு பிள்ளையையாவது, பழகும் காலத்துக்கும் கூலி கொடுத்து, அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாசகர்களும் பழைய குடத்தை எடைக்குப் போடுமுன் அதன் கழுத்தில் உள்ள வெட்டை ஒரு படம் எடுத்து, இம்மலரை வெளியிடும் விழாக் குழுவிடம் கொடுங்கள்.