கண்ணாடி வந்த தேதி

2016 ஏப்ரல் நடுவில் ஒரு நாள் அப்பாவுக்குக் கண்ணாடி வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் எங்க ஊர் எம்.எல்.ஏ.வோட ஆள். அதே வருஷம் பிப்ரவரி கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எம்.எல்.ஏ. தன் செலவில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தியிருந்தார். அப்பாவை வேனில் கூட்டிப்போய், புரை ஆபரேஷன் முடித்து, மறுநாள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். ஆறேழு வாரம் கழித்துக் கண்ணாடி. யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கண்ணாடிக் கூட்டின் மேல் அவர் படம் மட்டும் ஒட்டியிருந்தது.

பெங்களூரில் இருந்து போனில் நான் அப்பாகிட்ட சொன்னேன், "இதுவும் லஞ்சம்தாம்பா." அவர் அமைதியா கேட்டார், "சரிடா, நீ ஏன் ரெண்டு வருஷமா பண்ணி வைக்கல?" எனக்குப் பதில் இல்லை. பதில் இல்லாதவன் வழக்கமா செய்வதை நானும் செய்தேன். சட்டப் புத்தகத்தைத் தேடிப் போனேன்.

முதலில் ஒரு வார்த்தை. "எம்.எல்.ஏ. தொகுதியை நல்லா கவனிச்சுக்கிறார்" என்றால் பாராட்டு. தேர்தலுக்கு முந்தின ராத்திரி "உங்க தெருவுல கவனிச்சாச்சா?" என்றால் அர்த்தமே வேறு. ஒரே சொல்தான், தேதி மாறினால் பொருள் மாறிவிடுகிறது. நம்ம தேர்தல் சட்டத்தின் சிக்கலும் இந்தத் தேதியில்தான் இருக்கிறது.

1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123. வாக்களிக்கத் தூண்டும் நோக்கத்தோடு வேட்பாளர் ஒரு பரிசு கொடுத்தால், கொடுப்பதாகச் சொன்னால்கூட, அது லஞ்சம். அதை நிரூபித்தால் தேர்தல் செல்லாது. படிக்கும்போது தெளிவாத்தான் இருக்கு. ஆனால் ஏற்கெனவே பதவியில் இருக்கிறவர் தேர்தல் நெருங்கும்போது ஊருக்கு நல்லது செய்தால்?

இந்தக் கேள்வி 1968லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஹரியானா மாநிலம் பிறந்தது 1966 நவம்பரில். அங்கே முதல் சட்டமன்றத் தேர்தல் 1967 பிப்ரவரியில். அதில் ஜெயித்த தல் சிங் என்பவர் ஏற்கெனவே அமைச்சர். தேர்தலுக்கு முன்னால் தன் விருப்ப நிதியில் இருந்து கிராமங்களுக்குப் பணம் ஒதுக்கினார் என்று காசி ராம் என்பவர் வழக்குப் போட்டார். நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு ரெண்டு பக்கமும் பார்க்கிறது. தேர்தல் வருகிறது என்பதற்காக அமைச்சர் வேலையை நிறுத்த முடியாது, மக்கள் குறையைக் கேட்டுத்தான் ஆகணும். பணம் போனது பஞ்சாயத்துகளுக்கு; ஆதரவாளர், எதிராளி எல்லோருக்கும் பொது. ஓட்டுக்கு இது என்று பேரம் நடந்ததற்குச் சாட்சி இல்லை. எனவே தல் சிங் ஜெயித்தது செல்லும். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தேர்தல் வாசலில் வந்து இப்படிப் பணம் செலவழிப்பது, பொது நன்மைக்கே ஆனாலும், தீய வழக்கம்தான் என்றும், தீய வழக்கத்துக்கும் சட்டம் தண்டிக்கும் ஊழலுக்கும் நடுவில் உள்ள கோடு ரொம்ப மெல்லியது என்றும் சேர்த்தே சொன்னது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. அப்பாவும் சரி, நானும் சரி!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1968ல் சட்டப்படி 'வேட்பாளர்' என்றால் மனுத்தாக்கல் செய்தவர் மட்டும் இல்லை. தேர்தல் வரப்போகிறது என்று தெரிந்தபின் தன்னை வேட்பாளராகக் காட்டிக்கொள்பவரும் வேட்பாளர்தான். அந்த ஒரு வரி பிறகு ஒரு பிரதமரையே அசைத்தது. 1970 டிசம்பர் 27ல் மக்களவை கலைக்கப்பட்டது. 29ஆம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பில், ரேபரேலியை விட்டு வேறு தொகுதிக்குப் போகிறீர்களா என்ற கேள்விக்கு இந்திரா காந்தி இல்லை என்றார். அவர் மனுத்தாக்கல் செய்தது 1971 பிப்ரவரி 1ல். ஆனால் அந்த 'இல்லை' சொன்ன நாளில் இருந்தே அவர் வேட்பாளர் என்று கணக்கிட்டது அலகாபாத் உயர் நீதிமன்றம். 1975 ஜூன் 12ல் அவர் தேர்தல் செல்லாது என்று வந்த தீர்ப்பில் இந்தத் தேதிக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் என்ன நடந்தது? நெருக்கடி நிலை. ஆகஸ்டில் சட்டத்தையே திருத்தினார்கள், முன்தேதியிட்டு. முறைப்படி மனுத்தாக்கல் ஆனவர்தான் வேட்பாளர். செலவுக் கணக்கும் முன்பு தேர்தல் அறிவிக்கை வெளியான நாளில் இருந்து ஓடும், இனி மனுத்தாக்கல் நாளில் இருந்து மட்டும். ஒருவருடைய வழக்குக்காக நகர்த்திய கடிகாரம் எல்லோருக்கும் அப்படியே நின்றுவிட்டது. மனுத்தாக்கலுக்கு முந்தின செயல்களை வைத்து ஊழல் செயல் என்று சொல்ல முடியாது என்று 1990களில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தத்தின்படியே தீர்ப்பளித்தது. 1967ன் தல் சிங்கை நீதிமன்றம் கூப்பிட்டு விசாரிக்கவாவது முடிந்தது. இன்றைய தல் சிங் மனுத்தாக்கலுக்கு முன்பே எல்லாம் முடித்துவிட்டால் அதுவும் கிடையாது.

நடத்தை விதிகள் இருக்கே என்று கேட்பீர்கள். 1960ல் கேரளத் தேர்தலில் கட்சிகள் ஒத்துக்கொண்ட ஒழுங்காகத் தொடங்கி, சேஷன் காலத்தில் பல் முளைத்தது அது. தேதி அறிவித்த நாளில் இருந்து அமலாகும். தொகுதி நிதியில் புது வேலை தொடங்கக் கூடாது. உத்தரவு வாங்கியிருந்தாலும் களத்தில் தொடங்காத வேலை நிற்கணும். ஆனால் இது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் இல்லை. மீறினார் என்பதற்காக மட்டும் ஒருவர் பதவி போகாது.

தொழில் புத்தி விடவில்லை, ஒரு கழித்தல் கணக்குப் போட்டேன். 2016ல் தமிழ்நாட்டுத் தேர்தல் தேதி அறிவிப்பு மார்ச் 4, மனுத்தாக்கல் தொடக்கம் ஏப்ரல் 22. இடைவெளி 49 நாள். 2021ல் அறிவிப்பு பிப்ரவரி 26, மனுத்தாக்கல் தொடக்கம் மார்ச் 12. 14 நாள்தான். அந்த நாட்களில் நடத்தை விதி உண்டு, ஆனால் வேட்பாளர் என்று யாரும் இல்லை, வேட்பாளர் செலவுக் கணக்கும் இல்லை. அறிவிப்புக்கு முன்னால் ரெண்டுமே இல்லை. அப்பாவின் ஆபரேஷன் அந்த 'ரெண்டுமே இல்லாத' காலத்தில். கண்ணாடி வந்தது 49 நாள் இடைவெளியில்.

சட்டத்தின் கண்ணில் அந்தக் கண்ணாடியை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

முகாம் நடத்தியவரை நான் குறை சொல்லவில்லை. ஐந்து வருஷத்தில் எப்போது நடத்தியிருந்தாலும் அது நல்ல காரியம். நல்ல காரியத்துக்கும் ஒரு தேதி பார்க்கிறார்கள், அந்தத் தேதியைச் சட்டம் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. 1975ல் நகர்த்திய கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறேன் என்று எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதி நான் படித்ததில்லை.

அப்பா அந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார்னு இன்றுவரை சொல்லவில்லை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப நானே கூட்டிட்டுப் போய் அவருக்குப் புதுக் கண்ணாடி வாங்கித் தந்தேன். பழைய கூட்டில்தான் வைத்திருக்கிறார். படம் பாதி உரிந்துவிட்டது.