கடலாமையும் கண்டல் மரமும்

இயற்கைச் செல்வத்தின் விளைவை மட்டும் நுகர்வதா, முதலையே நுகர்ந்துவிடுவதா என்னும் வினாவிற்கு நம் நாட்டு வரலாறு இருவேறு விடைகளைப் பகர்கின்றது. ஒன்று பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்பில் வளரும் கண்டல் மரம். மற்றொன்று திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையை நாடி வந்த தோல்முதுகு ஆமை.

மலாய் மக்கள் 'பாக்காவ்' என வழங்கும் கண்டலின் வித்து, தாய்மரத்திலேயே முளைவிட்டுப் பின் சேற்றில் வீழ்ந்து வேர்கொள்ளும் இயல்பினது. 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை அமைந்தது. விறகும் கழியும் பெரிதும் வேண்டப்பட்ட அக்காலத்தை அடுத்து, 1902க்கும் 1906க்கும் இடையே மாத்தாங் சதுப்புக்காடு ஒதுக்குக்காடாக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். பின்னர் வகுத்த முறைப்படி, 15ஆம், 20ஆம் ஆண்டுகளில் இடைமரங்கள் களையப்பெறும். 30ஆம் ஆண்டில் முதிர்ந்தவை வெட்டப்பெறும். தானே முளைக்காத இடத்தில் கன்றுகள் நடப்பெறும். குறைகள் அங்கும் உண்டு. ஆயினும் நூறாண்டு கடந்தும் கோலா செப்பெத்தாங்கில் கரிச்சூளைகள் புகைகின்றன, காடும் நிற்கின்றது.

இனி ஆமையை நோக்குவோம். முதுகில் ஓடும் ஏழு வரிகளால் இதனை மலாய் மொழியில் 'பெலிம்பிங்' பழத்தின் பெயரால் அழைப்பர். 1950ஆம் ஆண்டுகளில் ரந்தாவ் அபாங்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 கூடுகள் காணப்பட்டன. 1951இல் திரங்கானு ஆமைச் சட்டம் இயற்றப்பெற்றது. முட்டை எடுக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1961 முதல் ஒரு பகுதி முட்டைகள் பொரிப்பகத்தில் காக்கப்பட்டன. ஆனால் மணலின் வெப்பமே குஞ்சின் பாலை முடிவுசெய்வதால், வெப்பம் மிகுந்த பொரிப்பகத்தில் பெண் குஞ்சுகளே மிகுந்தன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆழ்கடலில் மீன்வலைகளும் பல ஆமைகளைக் கொன்றன. 1990ஆம் ஆண்டுகளில் கூடுகள் மிகவும் அருகின. அதன்பின் ஒன்றேனும் வாராத ஆண்டுகளும் உண்டு.

இரண்டிற்கும் சட்டம் இருந்தது. எனின், விளைவு வேறுபட்டது ஏன்? மாத்தாங்கின் விதி எஞ்சுவது எவ்வளவு என எண்ணியது. ரந்தாவ் அபாங்கின் விதி எடுப்பவர் யார் என்பதையே எண்ணியது. மேலும், வெட்டிய மரம் அடிக்கட்டையைக் காட்டி நிற்கும். எடுத்த முட்டையோ சுவடின்றி மறையும். முதிர்ந்த தாயாமைகள் ஆண்டுக்காண்டு கரையேறியதால், பின்வரும் தலைமுறை இல்லை என்பது நெடுங்காலம் புலப்படவில்லை.

2022இல் திரங்கானுவில் எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனையும் தடைசெய்யப்பட்டது. நல்ல சட்டமே. ஆயினும் காலத்தே வாராத காவல், காக்க வேண்டியதை இழந்த பின்னரே வந்து நிற்கும் என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும்.