முத்துக் குளிப்போரும் குருதிக் குமிழியும்

1344 ஆம் ஆண்டில் இப்னு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இலங்கையின் மேற்குக் கரையில் வந்திறங்கினார். அவர் ‘பத்தாலா’ எனக் குறித்த ஊர் புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் குவிந்திருந்ததையும், ஊழியர் அவற்றைத் தரம் பிரித்ததையும் அவர் கண்டார். முத்தின் ஒளி ஏட்டில் ஏறிற்று. அதனைக் கடலடியிலிருந்து கொணர்ந்தவர் பெயர் ஏறவில்லை.

பண்டைய முத்துக் குளிப்போர் கல்லின் பாரத்தால் கீழிறங்குவர். ஒன்று, ஒன்றரை நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி திரட்டுவர். கயிற்றின் துணையால் மேலெழுவர். சுறாவுக்கும் மூச்சுத் திணறலுக்கும் அவர்கள் அஞ்சினர். ஆயினும் மற்றொரு பகை அவர்களை அரிதாகவே தீண்டிற்று. அப்பகை யாது? குருதியில் எழும் வாயுக் குமிழியே அது.

கடலில் பத்து மீற்றர் இறங்குந்தோறும் உடல்மீதுள்ள அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடும். அமுக்கம் கூடக் கூட, திரவத்திற் கரையும் வாயுவும் கூடும் என 1803 இல் வில்லியம் ஹென்றி நிறுவினார். சோடாப் போத்தலைத் திறந்ததும் நுரை எழுவதும், குலுக்கித் திறந்தால் பீறிடுவதும் யாவரும் அறிந்தவை. ஒரே மூச்சுக் காற்றுடன் இறங்கியவர் உடலிற் கரையும் வாயு சிறிதே. கீழே நெடுநேரம் அமுக்கக் காற்றைச் சுவாசிப்பவர் உடலிலோ, காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கான நைதரசன் மிகுதியாகக் கரைந்து நிற்கும். அவர் விரைந்து மேலேறினால் அது குமிழியாய்ப் பிரியும். சோடாவின் குமிழி வெளியேறிவிடும். குருதிக் குழாயிலோ அது வழியை அடைக்கும். மூட்டுவலியும் பக்கவாதமும், சிலவேளை மரணமும் நேரும்.

இவ்வுண்மை சிறுகச் சிறுகவே புலப்பட்டது. காற்றகற்றிய கலத்துள் வைத்த விரியன் பாம்பின் கண்ணிற் குமிழி தோன்றியதை 1670 இல் றொபேட் பொயில் அறிவித்தார். நியூயோர்க்கில் புறூக்லின் பாலத்தைக் கட்டிய பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றடி அமுக்க அறைகளில் உழைத்து 1872 இல் இந்நோய்க்கு ஆளானார். நோய்க்குக் காரணம் நைதரசன் குமிழியே என்று 1878 இல் பிரான்சிய அறிஞர் போல் பேர் விளக்கினார். 1908 இல் ஹால்டேன் என்பார், வெள்ளாடுகளிற் சோதனை செய்து, படிப்படியாகத் தங்கி மேலேறும் கால அட்டவணையை வகுத்தார்.

விண்வெளி வீரரையும் இக்குமிழி விடவில்லை. அவர்தம் உடையினுள் அமுக்கம் வளிமண்டலத்தின் மூன்றிலொரு பங்களவே. ஆதலால் கலத்தை விட்டு வெளியேறுமுன் தூய ஒட்சிசனைச் சுவாசித்து நைதரசனைக் களைகின்றனர்.

கற்பிட்டிக் கடலில் இக்காலத்தார் காற்றுச் சிலிண்டரை முதுகிற் கட்டிக் கடலட்டை தேடி இறங்குகின்றனர். மூச்சின் எல்லையைக் கருவி நீக்கிற்று. ஆனால் மேலேறும் வேகத்தின் எல்லையை நீக்கவில்லை. முன்னோரை ஒரு மூச்சின் குறுக்கம் காத்தது. இன்றையோரைக் காக்க வல்லது பொறுமையும், அதனைக் கற்பிக்கும் பயிற்சியுமே.